ஸந்தலி என்றால் நாற்காலி இல்லை

பாரசீகம் படிக்க உட்காருகிற எல்லோருக்கும் முதல் வாரத்திலேயே சொல்லிக்கொடுக்கிற வார்த்தை ‘ஸந்தலி’. தர் என்றால் கதவு, பஞ்சரே என்றால் ஜன்னல், மீஸ் என்றால் மேஜை, ஸந்தலி என்றால் நாற்காலி. பாடப்புத்தகத்தில் பக்கத்திலேயே படமும் போட்டிருப்பார்கள். நாலு கால், ஒரு முதுகு. சந்தேகமே வராது. எனக்கும் ரொம்ப நாள் வரவில்லை.

நான் பாரசீகம் பக்கம் போனது ஆற்காட்டு நவாபுகளின் காகிதங்களுக்காக. நம்ம ஊர் வரலாற்றில் ஒரு நூறு வருஷம் அந்த மொழியில்தான் கிடக்கிறது. திப்பு சுல்தான் தான் கண்ட கனவுகளைக்கூட பாரசீகத்தில்தான் குறித்து வைத்தார். சரி, எழுத்துக்கூட்டிப் படிக்கவாவது கற்றுக்கொள்வோம் என்று இணைய வகுப்பு ஒன்றில் சேர்ந்தேன். ஆசிரியர் தெஹ்ரான்காரர். வகுப்பில் ஏழெட்டுப் பேர். அதில் ஒரு அம்மா காபூலில் பிறந்து வளர்ந்தவர். அவருக்குப் பாரசீகம் தாய்மொழி. ஊரை விட்டு வந்த பிறகு எழுதும் பழக்கம் விட்டுப்போகாமல் இருக்க வகுப்பில் சேர்ந்ததாகச் சொன்னார்.

ஒருநாள் வீட்டுப்பாடம்: குளிர்காலம் பற்றி ஒரு பத்தி எழுத வேண்டும், அடுத்தவர் எழுதியதை அவரவர் மொழிக்கு மாற்ற வேண்டும். காபூல் அம்மாவின் பத்தி எனக்கு வந்தது. எளிய நடை, அகராதியே தேவைப்படவில்லை. நான் தமிழில் போட்டது ஏறத்தாழ இப்படி: பனி கொட்டிய ராத்திரி. வீட்டில் ஏழு பேரும் நாற்காலியைச் சுற்றி உட்கார்ந்தோம். கால்களை நாற்காலிக்குள் விட்டுக்கொண்டோம். பாட்டி கதை சொன்னாள். நான் நாற்காலியிலேயே தூங்கிவிட்டேன். அதே ராத்திரி பக்கத்து வீட்டில் நாற்காலியால் இரண்டு குழந்தைகள் செத்துப்போனார்கள்.

ஏதோ இடிக்கிறது என்று தெரிந்தது. ஏழு பேருக்கு ஒரு நாற்காலி, அதற்குள் எப்படிக் காலை விடுவது? கவித்துவமாக எழுதியிருக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். (புரியாததையெல்லாம் கவிதை என்று ஒதுக்குவது மொழிபெயர்க்கிறவனின் பழைய வியாதி.) கடைசி வாக்கியத்தை மட்டும் விட முடியவில்லை. நாற்காலியால் எப்படிச் சாவது? யோசித்து, ‘நாற்காலியிலிருந்து விழுந்து’ என்று நானே திருத்திக்கொண்டேன்.

வகுப்பில் என் தமிழை வாக்கியம் வாக்கியமாகப் பாரசீகத்தில் விளக்கச் சொன்னார் ஆசிரியர். விழுந்து என்ற இடம் வந்ததும் அந்த அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் சொன்னார்: “யாரும் விழலை. கரி.”

தெஹ்ரான் ஆசிரியருக்கும் அப்போதுதான் உறைத்தது. “ஓ, நீங்கள் சொல்வது கொர்ஸி!” என்றார்.

அங்கேதான் எனக்கு இரட்டைக் குழப்பம். குர்ஸி என்ற சொல்லும் எனக்குத் தெரியும். ஹிந்தியில் நாற்காலி. தெலுங்கிலும் கன்னடத்திலும் குர்ச்சி, மராத்தியில் குர்ச்சி, மலாயில் கெருஸி. பாதி ஆசியாவுக்கு நாற்காலியாக இருக்கிற சொல்லை இவர் வேறு எதற்கோ சொல்கிறார். காபூலில் ஸந்தலி நாற்காலி இல்லை, தெஹ்ரானில் குர்ஸி நாற்காலி இல்லை. அப்படியென்றால் அந்தப் பொருள் என்ன?

முழங்கால் உயரத்துக்கு ஒரு சதுர மரச்சட்டம், மேலே பலகை. அதன் அடியில் ‘மன்கல்’ எனப்படும் கணப்புச் சட்டி. அதில் கனன்று கொண்டிருக்கும் கரி, கரி மேல் சாம்பல், சூடு மெதுவாக வருவதற்கு. சட்டத்தின் மேல் நாலு பக்கமும் தரையில் புரளும்படி ஒரு பெரிய பஞ்சுப் போர்வை. சுற்றிலும் மெத்தை, முதுகுக்குத் திண்டு. குடும்பமே சுற்றி உட்கார்ந்து, காலைச் சட்டத்துக்கு அடியில் நீட்டி, போர்வையை இடுப்பு வரை இழுத்துக்கொள்ளும். மேல் பலகையில் தேநீரும் உலர்பழமும் இருக்கும். சாப்பாடு, பாடம், வம்பு, தூக்கம், மூன்று மாதத்துக்கு எல்லாம் அங்கேயே. காபூல் கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,800 மீட்டர் உயரம். அறை முழுவதையும் சூடாக்குவதென்றால் மரக்காடே வேண்டும். போர்வைக்கு அடியில் இருக்கிற சின்ன இடத்தை மட்டும் சூடாக்கினால் ஒரு கூடைக் கரி போதும். கஞ்சத்தனத்தில் பிறந்த நல்ல யோசனை. ஜப்பானியர்களின் ‘கொதாத்ஸு’வும் இதே ஏற்பாடுதான்.

ஆபத்தும் அதே போர்வைக்குள்தான். கரியை வெளியே வைத்து, புகை முழுக்க அடங்கி, செக்கச்செவேலென்று ஆன பிறகே உள்ளே கொண்டுவர வேண்டும் என்பது வீட்டுப் பெரியவர்களின் கட்டளை. அவசரப்பட்டு அரைகுறையாக எரிந்த கரியை வைத்து, குளிருக்குப் பயந்து கதவு ஜன்னலையும் அடைத்துவிட்டால் கார்பன் மோனாக்ஸைடு சேரும். நிறம் இல்லை, வாசனை இல்லை. ரத்தத்தின் ஹீமோகுளோபினை ஆக்ஸிஜனை விட இருநூறு மடங்குக்கும் மேல் இறுக்கமாகப் பிடித்துக்கொள்ளும். முதலில் தலைவலி, அப்புறம் தூக்கம். சூட்டில் சொக்குகிறது என்றுதான் தோன்றும். போர்வையை முகம் வரைக்கும் இழுத்துக்கொண்டு தூங்குகிற சின்னப் பிள்ளைகள்தான் முதலில் மாட்டுவார்கள். பக்கத்து வீட்டில் நடந்தது அதுதான். நான் அதை ‘விழுந்து’ என்று எழுதியிருந்தேன்.

அன்றைக்கே இந்தச் சொற்களைத் தோண்ட ஆரம்பித்தேன். கிடைத்தது இது.

ஈரானில் ஸந்தலி என்றால் நாற்காலி, கொர்ஸி என்றால் கணப்பு மேஜை. தஜிகிஸ்தானில் அப்படியே தலைகீழ்: குர்ஸி நாற்காலி, ஸந்தலி கணப்பு மேஜை. ஆப்கானிஸ்தானில் கணப்பு மேஜைக்கு ஸந்தலி, நாற்காலிக்கு ‘சவ்கி’ என்று மூன்றாவதாக ஒரு சொல். உஸ்பெக் மொழி பாரசீகமே இல்லை, துருக்கியக் குடும்பம். ஆனால் அங்கேயும் கணப்பு மேஜை ‘ஸந்தல்’தான். இஸ்தான்புல் போனால் மறுபடி கதை மாறும், ‘ஸந்தல்யே’ என்றால் உட்காருகிற நாற்காலி. ஒரே மொழி பேசுகிறவர்கள் இரண்டு வீட்டுப் பொருள்களின் பெயரை ஒருவருக்கொருவர் மாற்றி வைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

இரண்டில் குர்ஸிதான் மூத்தது. பாரசீகத்துக்கு அரபியிலிருந்து வந்தது, அரபிக்கு அராமிக்கிலிருந்து. அதற்கும் பின்னால் அக்காடியனில் ‘குஸ்ஸூ’, அதற்கும் பின்னால் சுமேரியத்தில் ‘கு-ஸா’. நாலாயிரம் வருஷத்துக்கு மேலாக அரசர்கள் உட்கார்ந்திருக்கிற சொல். நம்ம ஊர் முஸ்லிம் வீடுகளின் வாசலுக்கு மேலே மாட்டியிருக்கும் ‘ஆயத்துல் குர்ஸி’, குர்ஆனின் இரண்டாம் அத்தியாயம் 255-ஆம் வசனம், அதில் வரும் குர்ஸியும் இதே சொல்தான். வானங்களையும் பூமியையும் தழுவி நிற்கும் இருக்கை அது. ஹிந்தியில் குர்ஸி என்றாலே பதவி. ‘கிஸ்ஸா குர்ஸி கா’ என்று ஒரு கிண்டல் படம் எடுத்தார்கள், நெருக்கடி நிலைக் காலத்தில் அதன் பிரதிகளையே அழித்துவிட்டார்கள். ஈரானிலும் அந்த மரியாதை முழுக்கப் போய்விடவில்லை. நாடாளுமன்ற இடமும் பேராசிரியர் பதவியும் அங்கே இன்றும் கொர்ஸிதான். இப்படி ஒரு பாரம்பரியம் உள்ள சொல் கரிச்சட்டிக்கு மேலே போர்வை போர்த்திக்கொண்டு எப்படிப் போய் உட்கார்ந்தது?

அதற்கு எட்வர்ட் லேன் உதவினார். கெய்ரோவில் பல வருஷம் வாழ்ந்து, எகிப்தியரின் பழக்கவழக்கங்களைப் பற்றி 1836-ல் புத்தகம் போட்டவர். வீட்டில் சாப்பாட்டுத் தட்டத்தை எதன் மேல் வைப்பார்கள் என்று விவரிக்கும் இடத்தில் அந்த மரத்தாங்கிக்குப் பெயர் குர்ஸி என்கிறார். அதாவது குர்ஸி ‘மனிதன் உட்காருகிற இடம்’ மட்டும் இல்லை. எதையோ தரையிலிருந்து தூக்கி வைக்கிற சட்டம். ஆளை வைத்தால் இருக்கை, தட்டை வைத்தால் மேஜை, போர்வையை வைத்தால் கணப்பு. எழுத்துக்கலைக்காரர்கள் எழுத்துகள் உட்காருகிற கோட்டையும் குர்ஸி என்றே சொல்வார்கள். ஸந்தலியும் இதே வழியில் போயிருக்க வேண்டும். தரையில் உட்காருகிற வீட்டில் நாலு காலோடு நிற்கிற மரச்சாமான் அதிகபட்சம் ஒன்றுதான் இருக்கும். அதற்குக் கையில் கிடைத்த பெயரை வைத்துவிடுவார்கள்.

அப்புறம் நாற்காலி வந்தது. அரசனின் ஆசனமாக அது எப்போதும் இருந்ததுதான். பெர்செபோலிஸ் சிற்பங்களில் அரசன் கால் வைத்த ஆசனத்தில் கம்பீரமாக உட்கார்ந்திருக்கிறான், பாதத்துக்குத் தனியாக ஒரு மணை. ஆனால் சாதாரண வீட்டுக்குள் தினசரிப் பொருளாக அது நுழைந்தது 19-ஆம் நூற்றாண்டுக்கு மேலே, ஐரோப்பிய வழக்கத்தைப் பார்த்து. புதுப் பொருளுக்கு ஒரு பெயர் வேண்டும். இருந்தது இரண்டு பெயர். தெஹ்ரானில் கொர்ஸியை ஏற்கெனவே கணப்பு எடுத்துக்கொண்டுவிட்டது, மிச்சமிருந்த ஸந்தலி நாற்காலிக்குப் போனது. அமு நதிப் பக்கம் ஸந்தலி கணப்பிடம் இருந்தது, மிச்சமிருந்த குர்ஸி நாற்காலிக்குப் போனது. இந்தப் பத்தி என் ஊகம்தான், ஆனால் இதை விட எளிதாக விளக்க எனக்குத் தெரியவில்லை. காபூல்காரர்கள் பக்கத்து வீட்டில் கடன் வாங்கினார்கள். சவ்கி என்பது ஹிந்துஸ்தானி சௌக்கி. நாலு என்ற சமஸ்கிருதச் சொல்லிலிருந்து பிறந்தது, நாலு கால் வைத்த பலகை. நம்ம நாற்காலியும் அதே யோசனை.

இப்போது ஸந்தலிக்கு வருகிறேன். எனக்குப் பிடித்த பகுதி இது, அதனாலேயே ஜாக்கிரதையாக எழுத வேண்டிய பகுதியும்.

பாரசீகர்கள் இதைச் ‘ஸாத்’ என்ற அரபி எழுத்தில் தொடங்கி எழுதுகிறார்கள். சொந்தச் சொல்லைப் பொதுவாக அந்த எழுத்தில் எழுத மாட்டார்கள். அரபியில் ‘ச்ச’ ஒலி இல்லாததால் வெளியிலிருந்து வந்த ‘ச்ச’வை அந்த எழுத்தில்தான் பிடித்தார்கள். சீனா அரபியில் ‘ஸீன்’ ஆனது இப்படித்தான். பின்னோக்கிப் போனால் ஸந்தல் என்பது பாரசீகத்தின் பழைய ‘சந்தல்’, ‘சந்தன்’. ஆமாம், சந்தனம். ஸந்தலி என்றால் ‘சந்தன மரத்தாலானது’. சந்தன மர ஆசனம் என்று பொருள்பட்ட சொல், மரம் போய் ஆசனம் மட்டும் நின்றது. ஆறாம் நூற்றாண்டில் அலெக்ஸாந்திரியாவைச் சேர்ந்த கொஸ்மாஸ் என்ற வணிகர் இலங்கைத் துறைமுகத்துக்குக் கிழக்கேயிருந்து வரும் சரக்குகளில் ‘த்ஸந்தனா’ என்று ஒன்றைக் கிரேக்கத்தில் எழுதிவைத்திருக்கிறார். சரக்கோடு சொல்லும் கப்பல் ஏறியிருக்கிறது. (காலில் போடுகிற சாண்டலுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, அது கிரேக்கச் செருப்பு.)

சந்தனம் எங்கிருந்து வந்தது? சமஸ்கிருத ‘சந்தன’த்தையே திராவிடக் கடனாகக் கருதிய அறிஞர்கள் உண்டு. எமனோவுடன் சேர்ந்து திராவிடச் சொற்பிறப்பகராதி தொகுத்த தாமஸ் பர்ரோ அவர்களில் ஒருவர். தமிழ் ‘சாந்து’ அதற்குச் சாட்சி: அரைத்துக் குழைத்துப் பூசுவது. சங்கப் பாட்டுகளில் சாந்து, சாந்தம், ஆரம் என்றெல்லாம் இந்த மரமும் அதன் குழம்பும் வருகின்றன. ஒளிர்தல் என்ற பொருளுள்ள சமஸ்கிருத வேரோடு இதைச் சேர்ப்பவர்களும் உண்டு. மரம் தென்னிந்திய மலைகளுக்குரியது என்பதால் எனக்குப் பர்ரோ பக்கம் மனம் சாய்கிறது. ஆனால் மனம் சாய்வது சான்று இல்லை.

இதைச் சொல்லக் காரணம் இருக்கிறது. ‘ஈரானியர் உட்கார்ந்திருப்பது தமிழ் மேல்தான்’ என்று நாளைக்கே ஒரு வாட்ஸாப் செய்தி கிளம்பிவிடும். பக்கத்துப் பொருளையே பாருங்கள். பாரசீகத்தில் மீஸ், தமிழில் மேசை. அச்சு அசல் ஒன்று போலவே இருக்கிறது. ஆனால் நம் மேசை போர்த்துகீசியர் கொண்டுவந்த ‘மேஸா’, லத்தீன் வழி. பாரசீக மீஸோ, விருந்து கொடுப்பவரைக் குறிக்கும் ‘மீஸ்பான்’ என்ற பழைய சொல்லோடு சேர்ந்தது, இஸ்லாத்துக்கு முந்திய காலத்திலேயே விருந்துணவைக் குறித்த சொல். இரண்டும் தற்செயலாக ஒரே ஜாடையில் வந்து நிற்கின்றன. ஹிந்தி ‘மேஸ்’ இதில் எந்த வீட்டுப் பிள்ளை என்று இன்னும் சண்டை ஓய்ந்தபாடில்லை. ஒலி ஒத்துப்போவதை மட்டும் வைத்து உறவு கொண்டாடினால் இதுதான் கதி. சந்தனத்துக்குச் சரக்கு, கப்பல், எழுத்து மாற்றம் என்று இடையில் படிகள் தெரிகின்றன. அதனால்தான் நம்ப முடிகிறது.

இன்னொன்று. உண்மையிலேயே சந்தனக் கட்டையில் நாற்காலி செய்தார்களா? அரசர்கள் செய்திருக்கலாம். ஆனால் சந்தனம் சின்ன மரம், மெதுவாக வளரும், அக்கம்பக்கத்துச் செடிகளின் வேரை உறிஞ்சிப் பிழைக்கும் அரை ஒட்டுண்ணி. வைரம் பாயப் பல பத்தாண்டுகள் ஆகும். கிலோக்கணக்கில் விற்கிற கட்டையை யாரும் சமையலறை முக்காலிக்கு அறுக்க மாட்டார்கள். பெயர் மட்டும் சந்தனமாக இருந்திருக்கும், பொருள் ஏதோ ஒரு மரம். இதற்கு வரலாற்றில் ஒரு பெரிய உதாரணம் இருக்கு. 1842-ல் கவர்னர் ஜெனரல் எல்லன்பரோ, கஜினியில் முகமதுவின் சமாதியிலிருந்த கதவுகளைப் பெயர்த்து இந்தியாவுக்குக் கொண்டுவர வைத்தார். சோமநாதர் கோயிலின் சந்தனக் கதவுகள் அவை, எண்ணூறு வருஷ அவமானம் தீர்ந்தது என்று பிரகடனமே வெளியிட்டார். சோதித்துப் பார்த்தால் தேவதாரு. வேலைப்பாடும் குஜராத்தி இல்லை. அந்தக் கதவுகள் இன்றும் ஆக்ரா கோட்டையில் நிற்கின்றன.

ஒரே மொழி, எல்லை தாண்டினால் நாற்காலிக்கு வேறு பெயர் என்பதில் தமிழர்கள் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. யாழ்ப்பாணத்தில் நாற்காலி என்றால் புத்தகச் சொல். வீட்டில் இருப்பது கதிரை. போர்த்துகீசிய ‘கதெய்ரா’ அது. 1619 முதல் 1658 வரை யாழ்ப்பாணத்தை ஆண்டவர்கள் விட்டுப்போனது. சப்பாத்து, அலவாங்கு எல்லாம் அந்தக் கூட்டம்தான். அதே கதெய்ரா மலையாளத்தில் கசேர. மதுரைக்காரருக்குக் கதிரை புரியாமல் ஒரு நிமிஷம் விழிக்கலாம், ஆனால் அதை வைத்து இரண்டு பேரும் வேறு வேறு மொழி பேசுகிறார்கள் என்று யாரும் சொல்வதில்லை.

பாரசீகத்துக்கு அந்த நிம்மதி இல்லை. ஆப்கானிஸ்தான் தன் 1964 அரசியலமைப்பில் அதற்கு ‘தரி’ என்று பெயர் வைத்தது. தஜிகிஸ்தானில் அது ‘தஜிக்’, சோவியத் காலத்திலிருந்து ரஷ்ய எழுத்தில் எழுதுகிறார்கள். மூன்று பெயர், இரண்டு எழுத்து. பெயர் தனியானதும் ‘எது உங்கள் சொல், எது எங்கள் சொல்’ என்ற கணக்கு ஆரம்பித்துவிட்டது. 2008-ல் பால்க் மாகாணத்தில் அரசுத் தொலைக்காட்சி நிருபர் ஒருவர் பல்கலைக்கழகத்தைத் ‘தானிஷ்காஹ்’ என்று சொன்னதற்காகத் தண்டிக்கப்பட்டார். அது ஈரானியச் சொல்லாம், பஷ்தூ வழிவந்த ‘போஹன்தூன்’ என்றுதான் சொல்லியிருக்க வேண்டுமாம். தானிஷ், காஹ் இரண்டுமே அவர் பாட்டி பேசிய பாரசீகம். இந்தச் சண்டை எல்லாம் பெயர்ப்பலகையில் எழுதுகிற சொற்களுக்குத்தான். ஸந்தலிக்காக யாரும் யாரையும் தண்டித்ததாக நான் படிக்கவில்லை. அதைச் சொல்கிற இடம் வீட்டுக்குள், போர்வைக்கு அடியில்.

ஈரானில் இப்போது கொர்ஸி அபூர்வம். மண்ணெண்ணெய் அடுப்பு வந்தது, அப்புறம் குழாயில் எரிவாயு வந்தது. டிசம்பர் 20 அல்லது 21, வருஷத்தின் மிக நீண்ட இரவான யல்தாவுக்கு மட்டும் மாதுளையும் தர்பூசணியும் அடுக்கிப் படம் எடுக்க வெளியே வரும். அடியில் கரி இல்லை, மின்சாரச் சூடேற்றி. தெஹ்ரான் ஆசிரியருக்கே பாட்டி வீட்டு ஞாபகம்தானாம். காபூலில் மின்சாரம் போகிற ராத்திரிகளில் ஸந்தலிதான் இன்னும் கதி என்றார் அந்த அம்மா.

என் மொழிபெயர்ப்பைத் திருத்தினேன். ‘கணப்பு மேஜை’ என்று போட்டுப் பார்த்தேன். கடைப் பெயர்ப்பட்டியல் மாதிரி இருந்தது. வெறும் ‘கணப்பு’ என்றால் ஊட்டி பங்களாவின் சுவர் அடுப்பு ஞாபகம் வருகிறது. ‘குமுட்டி’ என்றால் கரி வந்துவிடுகிறது, போர்வை வரவில்லை. கடைசியில் ஸந்தலி என்றே விட்டு, முதல் வரியில் சட்டத்தையும் கரியையும் போர்வையையும் ஒரு வாக்கியத்தில் சேர்த்துவிட்டேன். அவர் எழுதாத வாக்கியம் அது. காபூலில் யாருக்கும் அதை விளக்க வேண்டியதில்லையே. அவரிடம் கேட்டேன், சேர்க்கலாம் என்றார். ‘விழுந்து’ என்பதை எடுத்துவிட்டேன். ‘கரிப்புகையில்’ என்று எழுதினதற்குப் புகை வேண்டாம் என்றார். புகை இருந்திருந்தால் அவர்கள் எழுந்திருப்பார்களே.

கடைசியாக, தமிழில் நாற்காலிக்கு என்ன என்று கேட்டார். சொன்னேன். நாலு, கால் என்று பிரித்தும் சொன்னேன். “எங்கள் சவ்கி மாதிரியே” என்றார்.